மூடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கண்ணாடி ஒட்டும் பட்டறையில் காலையில் பம்ப் ஓடத் தொடங்கியதும் வெளிவரும் முதல் சிலிக்கான் விழுது எந்தக் கண்ணாடிக்கும் போவதில்லை. ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் அதைக் கொஞ்சம் பிதுக்கி, தாளை இரண்டாக மடித்து, விரலால் அழுத்தி விரிக்கிறார்கள். பட்டாம்பூச்சிச் சிறகு போல ஒரு கறை விழும். கறை முழுக்க ஒரே கறுப்பாக இருந்தால் சரி. சாம்பலோ வெள்ளையோ கோடிட்டிருந்தால், வெள்ளை அடிப்பசையும் அதை இறுக வைக்கும் கறுப்புப் பசையும் சரியாகக் கலக்கவில்லை என்று பொருள். பம்பை நிறுத்த வேண்டும். அடுத்து ஒரு காகிதக் கோப்பையில் கொஞ்சம் நிரப்பி, குச்சியைச் செருகி, கடிகாரத்தைப் பார்த்தபடி அவ்வப்போது இழுத்துப் பார்க்கிறார்கள். விழுது நூலாக இழுபடுவது நின்று, 'பட்'டென்று அறுந்து பின்வாங்கும் நேரம் குறித்த வரம்புக்குள் வர வேண்டும். செலவு ஒரு தாள், ஒரு கோப்பை.

இந்தச் சோதனையை நம்பித்தான் நாற்பதாவது மாடியில் ஒரு கண்ணாடி நிற்கிறது.

கட்டடத்தின் பாரத்தைத் தாங்காமல், தளங்களின் விளிம்பில் திரை போலத் தொங்கும் வெளிச்சுவரைத் திரைச்சுவர் என்கிறோம். தன் எடையையும் காற்றின் அழுத்தத்தையும் மட்டும் அது சமாளித்தால் போதும். சான் பிரான்சிஸ்கோவில் 1918-இல் எழுந்த ஹாலிடி கட்டடம் இந்த முறையின் முன்னோடிகளில் ஒன்று. அலுமினியச் சட்டத்தில் கண்ணாடியைச் செருகி, வெளியே பட்டை வைத்துப் பிடித்துக்கொள்ளும் முறை நெடுநாள் நடந்தது. வெளியே சட்டமே தெரியாமல், நான்கு பக்கமும் சிலிக்கான் ஒட்டில் மட்டும் கண்ணாடியை நிறுத்தும் துணிவு 1971-இல் டெட்ராய்ட் நகரத்தின் ஓர் அலுவலகக் கட்டடத்தில் வந்தது. இன்று சென்னை ராஜீவ் காந்தி சாலையில் வரிசையாக நிற்கும் வழுவழுப்பான முகப்புகளில் பல அந்த வழியில் வந்தவை.

அந்த ஒட்டு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 875, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 50 மீட்டர் வைத்திருக்கிறது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறக்குறைய 150 கிலோ பாரம் விழும். கட்டமைப்புச் சிலிக்கானை வழக்கமாக 138 கிலோபாஸ்கலுக்கு மேல் இழுக்க விடுவதில்லை. கண்ணாடியின் அகலம் ஒன்றரை மீட்டர் என்றால், விளிம்பில் 8 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான ஒட்டு வேண்டும் என்று விடை வரும். உயரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் ஏற்ற பெருக்கல்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஆக, சுண்டுவிரல் அகலம். அந்தச் சுண்டுவிரல் அகலத்தில் தூசியோ எண்ணெய்ப்பசையோ, கைரேகையின் ஈரமோ இருந்துவிட்டால் கணக்கு சரியாக இருந்தும் பயனில்லை. அதனால்தான் இரண்டு துணி முறை: ஒரு துணியில் கரைப்பானைத் தொட்டுத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் அழுக்கை எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. ஆளில்லாத நாளில் முதலில் விடுபடுவது அந்த இரண்டாவது துணிதான்.

திரைச்சுவரின் தரக்கட்டுப்பாடு என்றால் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா, சாயம் ஒரே நிறமா என்று பார்ப்பது என்றே வெளியார் நினைக்கிறார்கள். அவையும் உண்டு. ஆனால் பெரிய தோல்விகளை எடுத்துப் பார்த்தால், குற்றம் கண்ணில் படும் பரப்பில் இருந்ததில்லை. ஒரு பொருளும் இன்னொரு பொருளும் சந்திக்கும் இடத்தில், அதுவும் மேலே ஏதோ ஒன்று வந்து மூடிவிட்ட இடத்தில் இருந்திருக்கிறது.

பாஸ்டன் நகரத்து ஜான் ஹான்காக் கோபுரத்தின் கதை இதற்கு முதல் சாட்சி. ஐ. எம். பெய் நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி காப் வடிவமைத்த 60 மாடிக் கட்டடம் அது. உயரம் சுமார் 240 மீட்டர். மொத்தம் 10,344 கண்ணாடிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 227 கிலோ. 1973 ஜனவரியில் அடித்த புயல்காற்றில் பல டஜன் கண்ணாடிகள் உடைந்து கோப்லி சதுக்கத்தில் விழுந்தன. விழும்போது கீழ்மாடிக் கண்ணாடிகளையும் சேதப்படுத்தின. யாரும் இறக்கவில்லை. உடைந்த இடங்களில் கறுப்புச் சாயம் பூசிய ஒட்டுப்பலகைகளை அடித்தார்கள். மாதங்கள் செல்லச் செல்லப் பலகைகள் பெருகி ஓர் ஏக்கர் அளவுக்கு வந்தன. ஊரார் அதை 'ஒட்டுப்பலகை மாளிகை' என்றே அழைத்தார்கள். காற்று பலமாக அடிக்கும் நாள்களில் சுற்றியுள்ள தெருக்களைப் போலீசார் அடைத்தார்கள்.

முதல் சந்தேகம் கோபுரத்தின் ஆட்டத்தின் மேல் விழுந்தது. கோபுரம் உண்மையிலேயே அதிகமாக ஆடியது. அதை அடக்க 58-ஆவது மாடியில் தலா 300 டன் எடையுள்ள இரண்டு தணிப்பிகளை வைத்தார்கள். உள்ளே ஏராளமான எஃகுத் தாங்குகளையும் சேர்த்தார்கள். ஆனால் கண்ணாடி உடைந்ததற்கு அந்த ஆட்டம் காரணமல்ல. ஒவ்வொரு கண்ணாடியும் இரட்டைத் தகடு. நடுவே காற்று இடைவெளி. வெளித்தகட்டின் உட்புறம் ஒளியைத் திருப்பும் உலோகப் பூச்சு. இரண்டு தகடுகளையும் பிரித்து நிறுத்தியது ஓர் ஈயப்பட்டை. பட்டையைக் கண்ணாடியோடு பற்றவைத்த ஈயப்பற்று மிக இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. வெயிலில் கண்ணாடி விரியும்போதும் காற்றில் வளையும்போதும் அந்தப் பற்று இம்மியும் இளகவில்லை. இளகாத பற்று தன்மேல் வந்த இழுப்பை முழுவதும் கண்ணாடிக்குத் தள்ளிவிட்டது. கண்ணாடியின் விளிம்பில் நுண்ணிய விரிசல் தோன்றி, ஓடி, தகட்டை உடைத்தது.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். கண்ணாடியை மட்டும் சோதித்தால் கண்ணாடி நன்றாக இருந்திருக்கும். பற்றை மட்டும் சோதித்தால் அது பிரமாதம் என்று பதிவாகியிருக்கும். பற்று பலவீனமாக இருந்தால் குற்றம் என்றுதான் எந்தப் பரிசோதகரும் படிவத்தில் எழுதி வைத்திருப்பார். பலம் மிகுந்ததும் ஒரு குற்றமாகும் என்று எழுத ஒரு கட்டம் இருந்திருக்காது. கடைசியில் 10,344 கண்ணாடிகளையும் கழற்றி, வெப்பத்தால் பதப்படுத்திய ஒற்றைத் தகடுகளை மாட்டினார்கள். கோபுரம் 1976-இல் திறந்தது. வழக்குகள் சமரசத்தில் முடிந்தபோது, காரணத்தை யாரும் வெளியே சொல்லக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். அதனால் முழு விவரம் பொதுவில் வர 1980-களின் இறுதி ஆகிவிட்டது. அந்த மௌனம் தொழிலுக்குச் செய்த கெடுதி சிறிதல்ல. உலகமெங்கும் கண்ணாடிக் கட்டடங்கள் பெருகிய அதே ஆண்டுகளில், கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் வக்கீல்களின் அலமாரியில் கிடந்தது.

பதப்படுத்திய கண்ணாடிக்கும் ஒரு ரகசிய நோய் உண்டு. கண்ணாடியைச் சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்தால் மேற்பரப்பு இறுகி, சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு பலம் பெறும். உடைந்தாலும் கற்கண்டு போலச் சிறு துண்டுகளாகச் சிதறும். ஆனால் உருக்கும்போது நிக்கலும் கந்தகமும் சேர்ந்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு துகள் உள்ளே மாட்டிக்கொண்டால் விபரீதம். சூட்டில் அந்தத் துகள் ஓர் உருவம், ஆறிய பின் வேறோர் உருவம். சட்டென்று குளிர்விப்பதால் பழைய உருவத்திலேயே உறைந்துவிடும். பிறகு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், மெல்ல மெல்ல உருமாறிப் பருக்கும். பருமன் கூடுவது 2 முதல் 4 விழுக்காடுதான். கண்ணாடியின் நடுப்பகுதி ஏற்கெனவே இழுவிசையில் இருப்பதால் அது போதும். காற்றில்லாத நடுநிசியில், யாரும் தொடாமல், கண்ணாடி வெடிக்கும்.

மெல்போர்னில் 1958-இல் கட்டி முடித்த ஐசிஐ மாளிகையில் இதுதான் நடந்தது. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ-வைச் சேர்ந்த பாலன்டைன் 1961-இல் எழுதிய அறிக்கை, அந்த உடைவுகளுக்கு நிக்கல் சல்ஃபைடு துகளைக் காரணமாகக் காட்டியது. உடைந்த துண்டுகள் சட்டத்திலேயே நின்றுவிட்டால் மூலத்தைக் கண்டுபிடிக்கலாம்: உடைவு தொடங்கிய இடத்தில் இரண்டு துண்டுகள் பட்டாம்பூச்சிச் சிறகு போல எதிரெதிராக இருக்கும், அவற்றின் நடுக்கோட்டில் அந்தப் புள்ளி. இந்த நோய்க்குத் தொழிற்சாலையில் ஒரே மருந்துதான். பதப்படுத்திய கண்ணாடியை மறுபடி அடுப்பில் வைத்து, 260 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம் ஊறப் போடுகிறார்கள். உடைய வேண்டியவற்றில் பெரும்பாலானவை அடுப்புக்குள்ளேயே உடைந்துவிடும். இந்த ஊறல் முழுப் பாதுகாப்பு அல்ல. ஆனால் ஆபத்தை மிகவும் குறைக்கிறது. அடுப்பின் உள்ளே காற்று ஒரே சீராகச் சுழல்கிறதா, கண்ணாடிகளுக்கிடையே போதிய இடைவெளி விட்டு அடுக்கினார்களா என்பதில்தான் அதன் நேர்மை இருக்கிறது. அடுப்பின் காற்று அல்ல, கண்ணாடியே அந்தச் சூட்டை அடைந்த பிறகுதான் இரண்டு மணி நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். வாங்குகிறவர் சான்றிதழை மட்டும் கேட்காமல் வெப்பப் பதிவு வரைபடத்தையும் கேட்பது இதற்காகத்தான்.

அலுமினியத்தின் பங்கு வேறு விதம். நான்கு மீட்டர் நீளச் சட்டம் 50 டிகிரி வெப்ப மாற்றத்தில் 4.8 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடி அதில் பாதிகூட நீளாது. ஒன்றை ஒன்று உரசாமல் இரண்டும் விரிந்து சுருங்க, மூட்டுகளில் இடம் விட வேண்டும். மேல்சட்டம் கீழ்ச்சட்டத்தில் நுழையும் இடத்தில் விட்ட இடைவெளியைக் களத்தில் யாராவது 'அழகுக்காக' நெருக்கிவிட்டால், அடுத்த கோடையில் முகப்பு முழுவதும் முறுக்கிக்கொண்டு சத்தம் போடும். கடலோர ஊர்களில் பூச்சின் கனமும் முக்கியம். உப்புக்காற்று மெல்லிய பூச்சைத் தேடிப் பிடித்து அரிக்கும். உயர்தரப் பூச்சுக்கான அமெரிக்க அளவுகோல், தென் புளோரிடாவின் வெயிலிலும் ஈரத்திலும் பத்து ஆண்டு தாங்கிக் காட்டச் சொல்கிறது.

ஹான்காக் போன்ற கதைகளைப் பார்த்தால் தொழிலில் உள்ள ஒரு பழக்கத்தின் அருமை புரியும்: உறுப்புகளைத் தனித்தனியே பார்ப்பதோடு நிற்காமல், சுவரின் ஒரு துண்டை முழு அளவில் கட்டி வதைத்துப் பார்ப்பது. இரண்டு மாடி உயரம், சில பலகைகள் அகலம், ஒரு மூலை. அதை ஒரு பெரிய பெட்டியின் முகப்பாகப் பொருத்தி, உள்ளிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். முதலில் காற்று எவ்வளவு கசிகிறது என்று அளவு. பிறகு ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 3.4 லிட்டர் வீதம் 15 நிமிடம் தண்ணீர் தெளிப்பு. அடுத்து விமான எஞ்சினை முன்னால் நிறுத்திச் சுழல விட்டு, மழையைக் காற்றோடு வீசி அடிப்பார்கள். துபாயின் புர்ஜ் கலீஃபா சுவரை இரண்டாம் உலகப் போர்க்கால விமான எஞ்சின் ஒன்றைக் கொண்டு இப்படிச் சோதித்தார்கள். பிறகு வடிவமைப்புக் காற்றழுத்தம். மறுபடி காற்று, மறுபடி தண்ணீர். நிலநடுக்கம் போலத் தளத்தைப் பக்கவாட்டில் நகர்த்தல். கடைசியாக ஒன்றரை மடங்கு அழுத்தம். ஒவ்வொரு வதைக்குப் பிறகும் தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்வதில்தான் இதன் சாரம் இருக்கிறது. உடையாமல் நிற்பது பாதி. அசைந்து திரும்பி வந்த பிறகும் ஒழுகாமல் இருப்பது மீதி.

இந்தச் சோதனைக்கும் ஓர் ஓட்டை உண்டு. மாதிரிச் சுவரைக் கட்டுவது நிறுவனத்தின் கைதேர்ந்த ஆட்கள். பக்கத்தில் வடிவமைப்பாளரே நிற்பார். தண்ணீர் உள்ளே வந்தால், வந்த இடத்தில் சிலிக்கானைப் பூசி, மறுநாள் தேர்ச்சி பெற்றுவிடலாம். அந்தப் பூச்சு வரைபடத்தில் ஏறாவிட்டால், ஓராண்டு கழித்து ஆயிரக்கணக்கான பலகைகளைக் கட்டும் வேறு ஆட்களுக்கு அது தெரியவே தெரியாது. சோதனையில் என்ன மாற்றினார்கள் என்ற பட்டியல், தேர்ச்சிச் சான்றிதழைவிட மதிப்புள்ள காகிதம்.

களத்துக்கு வந்தால் முதல் மோதல் கான்கிரீட்டோடு. தளத்தின் விளிம்பு வரைபடத்திலிருந்து 20, 25 மில்லிமீட்டர் விலகுவது சாதாரணம். திரைச்சுவருக்கோ இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் பொறுக்கும். இந்த இரண்டு உலகங்களையும் சமரசம் செய்து வைப்பது பிராக்கெட்டு. அதை உள்ளே வெளியே, இடம் வலம், மேலே கீழே என்று மூன்று திசையிலும் நகர்த்தலாம். மேஸ்திரியின் தூக்குக்குண்டும் ரசமட்டமும் போதாது. கட்டடம் முழுவதையும் அளவுக்கருவியால் அளந்த பிறகே முதல் பிராக்கெட்டு ஏற வேண்டும். கான்கிரீட்டில் முன்பே பதித்த ஆங்கர் இடம் மாறியிருந்தால் புதுத் துளை போடுவார்கள். துளைக்குள் தூசியை ஊதி, தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊதிய பிறகுதான் ரசாயனப் பசை. தூசியோடு ஊற்றிய பசை தூசியைத்தான் பிடித்துக்கொள்ளும், கான்கிரீட்டை அல்ல. சந்தேகம் உள்ள இடத்தில் ஆங்கரை இழுத்துப் பார்த்து அளவெடுக்க வேண்டும். முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் திருகையும் மரையையும் சேர்த்து ஒரு சாயக்கோடு இழுப்பது நல்ல வழக்கம். பின்னால் போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஒரு நைலான் தகடு வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

பிறகு தண்ணீர். நல்ல திரைச்சுவர் ஒரு சொட்டும் உள்ளே விடாத சுவர் என்று நினைப்பது தவறு. வெளிப்பட்டையைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் வரும் என்று ஒப்புக்கொண்டு, வந்ததை வழியனுப்பி வைக்கும் சுவர் அது. சட்டத்துக்குள் ஒரு வெற்றறை. அதன் அடியில் சிறு துளைகள். வெளிக்காற்று அந்தத் துளை வழியே அறைக்குள் வந்து அழுத்தத்தைச் சமன் செய்வதால், மழையை உள்ளே தள்ளும் விசையே குறைந்துவிடுகிறது. இது தெரியாத ஆள், துளையைப் பார்த்ததும் 'இங்கே ஓட்டை' என்று சிலிக்கானை வைத்து அடைத்துவிடுவார். ஒழுக்கை நிறுத்தும் நல்லெண்ணத்தில் ஒழுக்கை உண்டாக்கும் செயல் அது. களத்தில் திரும்பத் திரும்பக் காணும் பிழை இது. அந்தத் துளைகள் எதற்கு என்பதை முதல் நாளே வேலையாட்களிடம் சொன்னால் தீரக்கூடியது. கட்டிய சுவரில் குழாய்ச் சோதனை செய்வார்கள்: குறித்த முனை கொண்ட குழாயால், ஒரு அடி தூரத்தில் நின்று, மூட்டின் ஒவ்வொரு ஐந்து அடிக்கும் ஐந்து நிமிடம், கீழிருந்து மேலாக. மேலிருந்து தொடங்கினால் வழிந்து இறங்கும் தண்ணீர் எந்த மூட்டில் நுழைந்தது என்று தெரியாது. உட்புறப் பலகைகளை மூடுவதற்கு முன் இதை முடிக்க வேண்டும். இந்த வரிசையைத்தான் அவசரம் முதலில் குலைக்கிறது.

மூடிய இடத்தின் கொடுமையை லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1988 மே 4 இரவு பார்த்தது. 62 மாடி ஃபர்ஸ்ட் இன்டர்ஸ்டேட் வங்கிக் கட்டடத்தில் 12-ஆவது மாடியில் பிடித்த தீ 16-ஆவது மாடி வரை ஏறியது. உடைந்த கண்ணாடி வழியே வெளிப்புறமாகத் தாவியதோடு, தளத்தின் விளிம்புக்கும் திரைச்சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாகவும் தீ மேலேறியது. ஒரு பராமரிப்பு ஊழியர் உயிரிழந்தார். இந்த இடுக்கில் கனிமப் பஞ்சைச் சற்று நெருக்கித் திணித்து, மேலே புகைத் தடுப்புப் பூச்சுப் போட வேண்டும். திணிக்கும் வேலை சுவர்க்காரருடையதா, தளக்காரருடையதா என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதாத கட்டடத்தில் அது யாருடையதும் ஆகாது. சில நாளில் உள்கூரை வந்து மறைத்துவிடும்.

காலமும் ஒரு பரிசோதகர்தான். நியூயார்க்கில் 1952-இல் எழுந்த லீவர் ஹவுஸ் கட்டடத்தின் பச்சை நீலச் சுவர் கட்டடக் கலை மாணவர்களின் பாடமானது. வெளியே துருப்பிடிக்காத எஃகு. உள்ளே சாதாரண எஃகு. தண்ணீர் மெல்லப் புகுந்து, உள்ளே இருந்த எஃகு துருப்பிடித்துப் பருத்தது. கண்ணாடிகள் நெரிந்து உடைந்தன. நூற்றாண்டு முடிவதற்குள் மூலக் கண்ணாடிகளில் மிகப் பெரும்பாலானவை போய்விட்டன. 2001-இல் அதே தோற்றத்தில் சுவரையே புதிதாக அமைத்தார்கள்.

இத்தகைய தோல்விகளுக்கு அரசாங்கங்கள் இரண்டு வழிகளில் பதில் சொல்லியிருக்கின்றன. ஒன்று, கட்டுப்பாடு. உலகிலேயே அதிகமாகத் திரைச்சுவர் கட்டும் சீனா, குடியிருப்பு, மருத்துவமனை, பள்ளி, முதியோர் இல்லம் போன்ற புதுக் கட்டடங்களில் இரண்டாம் மாடி முதல் கண்ணாடித் திரைச்சுவர் கூடாது என்று 2015-இல் அறிவித்தது. ஷாங்காய் நகரம் 2012-லேயே அப்படியொரு விதி செய்திருந்தது. கண்ணாடி விழுந்தால் கீழே நிற்பவர் யார் என்று கேட்டு எழுதிய விதிகள் இவை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது கண்ணாடி முகப்புகள் பல உடைந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் புரியும்.

இன்னொன்று, கட்டி முடித்த பிறகும் கண்காணிப்பது. சிங்கப்பூர் 2022 ஜனவரி 1 முதல், 20 ஆண்டு கடந்த, 13 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்களின் முகப்பை ஏழு ஆண்டுக்கு ஒரு முறை தகுதி பெற்ற நிபுணர் பார்த்தாக வேண்டும் என்று சட்டமாக்கியிருக்கிறது. முழு முகப்பையும் கண்ணால் பார்ப்பதோடு, ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது பத்தில் ஒரு பங்கை நெருங்கிச் சென்று பார்க்க வேண்டும். கேஸ்கட் சுருங்கியிருக்கிறதா, சிலிக்கானின் விளிம்பு கண்ணாடியை விட்டுப் பிரிகிறதா, துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று கயிற்றிலோ தொங்கும் தொட்டிலிலோ இருந்து தடவிப் பார்க்கும் வேலை அது. ஒட்டின் உட்புறத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால், அந்தப் பலகையைத் தொழிற்சாலையில் ஒட்டிய நாளின் பதிவேட்டைப் புரட்ட வேண்டும்: பீப்பாய் எண், ஈரப்பதம், மடித்து விரித்த அந்தத் தாள். பதிவேடு இல்லாவிட்டால், ஒரு கண்ணாடியை அறுத்துக் கழற்றி, உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.